வடக்கே நட்ட கல்

நான்காம் அத்தியாயம்: கருப்பட்டி வண்டிக்காரரைத் தேடிப் போனது

"சாரே, நாம இதுவரை எடுத்த கேசுலயே சுகமான கேசு இதுதான்" என்றான் கோலப்பன். "தேடுற ஆளு ஓட மாட்டாரு. ஒளிய மாட்டாரு. கத்தியை உருவிக்கிட்டு மேல விழ மாட்டாரு. பத்து வருஷமா ஒரே எடத்துல கெடக்காரு. அந்த எடம் எதுன்னு தெரியல்ல, அது ஒண்ணுதான் குறை."

குதிரை வண்டி மணிமேடையைத் தாண்டித் திரும்பியது. வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தலையைத் திருப்பிப் பார்த்தாள். கோலப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் முன்னால் இருப்பதை அவன் மறந்தே போயிருந்தான். நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டிய காலத்திலிருந்தே அவனுக்கு இந்த வியாதி. வாய் முதலில் ஓடும், புத்தி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். தொண்டை கெட்டுப் பாட்டு போன பிறகு கம்பெனி அவனைக் கைவிட்டது. வாயை யாராலும் கைவிடச் செய்ய முடியவில்லை.

"பேசும் அண்ணாச்சி" என்றாள் அந்தப் பெண். "எங்க ஆளும் இப்படித்தான் பேசிக்கிட்டே கெடப்பாரு. மாடு கூடச் சிரிக்கும்."



அவள் பெயர் முத்துக்கனி. அஞ்சுகிராமத்துக்காரி. நெற்றியில் புருவ நடுவிலிருந்து மேலே எழும்பிய வெள்ளை நாமம், அய்யாவழிக்காரர்கள் இடுவது. அவள் கணவர் நாராயணபெருமாள், பெருவெள்ளம் வந்த வருஷம் கருப்பட்டி வண்டி ஓட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர், திரும்பவில்லை. வெள்ளம் வடிந்த கையோடு காலரா பிடித்திருந்தது. சத்திரத்து வாசலில் அவர் விழுந்ததைக் கண்டவர்கள் உண்டு. நகரசபை ஆட்கள் எடுத்துப்போய் அடக்கினார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. எங்கே, எப்படி என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. மாடுகள் மட்டும் வண்டியைத் தாமாகவே இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தன.

இப்போது நகரசபை அந்தப் பொது அடக்க நிலத்தைச் சீர்திருத்துகிறது. காடாய்க் கிடந்த உடைமரங்களை வெட்டி, சுற்றுச்சுவர் எழுப்பி, நடுவே வண்டி போகிற பாதை போடுகிறார்கள். உரிமை கோரி யாரும் வராத மேடுகளை ஈஸ்டருக்கு முன்னால் சமன் செய்யப் போவதாக ஊர் ஊராய்த் தமுக்கு அடித்தார்கள். தமுக்குச் சத்தம் கேட்டதும் முத்துக்கனி புறப்பட்டு வந்துவிட்டாள். பொட்டலம் கட்டிய கட்டுச்சோற்றோடு நேற்றுச் சாயங்காலம் துப்பறியும் சத்தியநேசனின் வாசலில் நின்றாள்.

சத்தியநேசன் வண்டிக்குள் கோலப்பனுக்கு எதிரே இருந்தார். போலீஸ் உத்தியோகத்தைத் தாமாகவே உதறிவிட்டு வந்த மனிதர். வெயிலிலும் மழையிலும் விரிக்காத ஒரு கறுப்புக் குடையை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றி, அதன் கைப்பிடியில் மோவாயை வைத்து உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்தால் அவர் யோசிக்கிறார் என்று அர்த்தம். தூங்கும்போதும் அவர் அப்படித்தான் உட்காருவார்.

அடக்க நிலத்தின் வாசலில் மேற்பார்வையாளர் ஜெபதாஸ் காத்திருந்தார். இளம் வயது. வேலைக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. சட்டைக் கையில் சுண்ணாம்பு. சொந்த வீட்டைக் காட்டுகிற மாப்பிள்ளையைப் போல அவர் அந்த நிலத்தைக் காட்டினார்.

"முன்னால இதுக்குள்ள பகல்லயே ஆளு நுழைய மாட்டாவ சார். நரி தோண்டிப் போட்டிருக்கும். இப்பப் பாருங்க. அங்க கிணறு. சுவரோரம் பூரா வேப்பங்கன்னு. செத்தவங்களுக்கும் ஒரு தெரு வேண்டாமா?"

"வேணும்லா" என்றான் கோலப்பன். "ஆனா ஒண்ணு. நம்மூர்ல யாரைத் திட்டினாலும் 'சவமே'ன்னுதான் திட்டுவோம். இங்க நின்னு அப்படித் திட்டினா எத்தனை பேரு 'என்னவே'ன்னு கேப்பானோ!"

ஜெபதாஸ் சிரித்தார். சிரித்த முகத்தோடே அவர் ஒரு இடத்தைக் காட்டினார்.

இரண்டு முளைகளுக்கு நடுவே ஒரு நூல், அம்பு போல நேராகக் கட்டியிருந்தது. அந்த நூலுக்குக் கீழே வரிசையாக நீளமான மண்மேடுகள். கல் இல்லை, சிலுவை இல்லை, பெயர் இல்லை. காலரா வருஷத்து மேடுகள். கிறிஸ்தவக் கோயில்களின் கல்லறைத் தோட்டங்களை அடைத்துவிட்டு, சாதி மதம் பாராமல் எல்லாரையும் இங்கே கொண்டுவந்த நாட்கள் அவை.

"இதுக்கு மேலதான் பாதை வருது. மத்தியானம் கஞ்சி குடிச்சிட்டு ஆளுக வந்ததும் இதுல கை வைக்கணும். அந்தம்மாவோட ஆளு இதுல ஒண்ணாத்தான் இருக்கணும். எதுன்னு சொன்னா அதை மட்டும் விட்டுட்டுப் போவேன். எல்லாத்தையும் விடச் சொன்னா பாதை எங்க போடுவேன்? காலரா வருஷத்துப் பதிவைக் கேக்காதீங்க. அப்படி ஒண்ணு கெடையாது. எழுதுறதுக்கு ஆளு இருந்தால்லா?"

வரிசையின் கடைசி மேட்டின் மேற்கு ஓரத்தில் மட்டும் சட்டி அளவுக்கு ஒரு பள்ளம். முந்தின நாள் பெய்த கோடை மழைத் தண்ணீர் அதில் நின்றது. ஒரு மைனா வந்து குடித்துவிட்டுப் பறந்தது.

"இந்தப் பள்ளத்தை எத்தனை தடவை தூர்த்தாலும் தாழுது சார்" என்றார் ஜெபதாஸ். "மத்த மேடெல்லாம் நீளத்துக்கும் தாழ்ந்து கெடக்கு. இது மட்டும் ஒரு ஓரத்துல."

"தாகத்துல செத்தவராக்கும்" என்று வாய் தவறிச் சொன்ன கோலப்பன், காலரா என்பது நினைவுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தக் கடைசி மேட்டை இடித்துக்கொண்டு, நூலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கல்லறை. அதற்கு மட்டும் ஒரு கல் இருந்தது. 'இஸ்ரவேல், நகரசபை ஊழியன்' என்று வெட்டியிருந்தது. கல்லைச் சுற்றி எருக்கு முளைத்து ஆள் உயரம் வளர்ந்திருந்தது. பல வருஷமாய் ஒரு கை அதைத் தொட்டதில்லை என்று பார்த்ததும் தெரிந்தது.

முத்துக்கனி மேடுகளைப் பார்க்கவே இல்லை. வானத்தைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள்.

"அய்யா, இங்க வடக்கு எது?"

ஜெபதாஸ் கை காட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். பிறகு அந்த நீள மேடுகளைப் பார்த்து, முகத்தை முந்தானையால் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

சத்தியநேசன் அருகில் போனார். "என்னம்மா?"

"படுக்க வச்சிருக்காவளே அய்யா! இதுல எது அவருன்னாலும் படுக்கத்தான வச்சிருக்காவ. எங்க ஆளுகள நாங்க படுக்க வைக்க மாட்டோம். சம்மணம் கூட்டி, வடக்கு பாத்து இருத்துவோம். அய்யா வந்து தர்மயுகம் தொடங்குற வரைக்கும் தவசுல இருக்கணும்லா? படுத்துக் கெடக்குறவரு அய்யா வரும்போது எப்படி எந்திரிப்பாரு? எடம் தெரியல்லங்கதுகூட எனக்குப் பெரிசில்ல. எப்படி வச்சாவன்னு தெரியாமத்தான் நான் பத்து வருஷமாத் தூங்கல."

சத்தியநேசன் குடையைக் கையில் எடுத்தார். அதன் நுனியால் மண்ணில் ஒரு நீளக் கோடு போட்டார். பக்கத்தில் ஒரு சதுரம் போட்டார். இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓய் கோலப்பா. உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு எவ்வளவு நீளக் குழி வேணும்?"

"நீளம் எதுக்கு? ஆழம்தான் வேணும். கிணறு மாதிரி..." என்ற கோலப்பன் பாதியில் நிறுத்தினான். "சாரே! நாம தப்பான தெருவுல கதவைத் தட்டிக்கிட்டு நிக்கோம்."

"ஜெபதாஸ், சின்னக் குழி எல்லாம் எங்கே?"

"குழந்தைக மூலையிலயா? தெக்க, மணல் பாங்கான எடத்துல. அங்க நாங்க தொடப்போறதில்ல சார். அதனால அங்க உள்ளவங்க யாருன்னுகூட நான் விசாரிக்கல."

குழந்தைகளின் மூலையில் காற்று வேறு மாதிரி வீசுவதாகக் கோலப்பனுக்குத் தோன்றியது. கைக்குட்டை விரித்துப் போட்டது போல் சின்னச் சின்ன மேடுகள். எல்லாம் கிழக்கு மேற்காக, தலைமாட்டில் ஒரு மரச்சிலுவையோ கல்லோ ஊன்றி வைத்தவை. ஒன்று மட்டும் அந்த ஒழுங்கில் சேரவில்லை. அது நீளமும் அகலமும் ஒன்றாய்ச் சதுரமாக இருந்தது. அதன் கல் மேற்கே இல்லை, வடக்கே நட்டிருந்தது.

முத்துக்கனி அந்தக் கல்லைப் பார்த்துக் கும்பிட்டாள்.  அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

ஆனால் சத்தியநேசன் கல்லைப் பார்க்கவில்லை. கல்லின் மேல் கிடந்ததைப் பார்த்தார். அன்று காலையில் வைத்த பிச்சிப்பூச் சரம், இன்னும் வாடவில்லை. மேட்டைச் சுற்றி வெள்ளைக் கூழாங்கற்கள். ஒரு புல் இல்லை. யாரோ வீட்டு வாசலைப் போலப் பெருக்கிக் காப்பாற்றுகிற கல்லறை அது.

"இவருக்குப் பூ வைக்க இந்த ஊர்ல யாரும் உண்டுமா அம்மா?"

"ஒரு குருவி கெடையாது அய்யா."

"அப்ப இதுக்குப் பூ வைக்கிறவங்க யாரை நெனச்சு வைக்காங்க?" என்று சத்தியநேசன் தமக்குள் சொன்னது போலச் சொன்னார். "அது தெரியாம இந்தக் கல்லை நாம தொடப்பிடாது. நீங்க இங்கேயே இருங்க. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

கோலப்பன் குனிந்து சரத்தை மூக்கருகே கொண்டுபோனான். நாடக மேடையில் எத்தனை மாலை போட்ட கழுத்து அது!

"தோவாளைப் பூச்சந்தைச் சரம் இல்ல சாரே. அங்க வாழைநாருல கட்டுவாவ. இது நூலு. அதுலயும் தைக்கிற நூலு இல்ல, முறுக்கின வெள்ளை நூலு. முடிச்சைப் பாருங்க. நம்ம பெண்டுக தலைக்குப் பூக் கட்டுற முடிச்சா இது? கண்ணி கண்ணியாப் பின்னியிருக்கு. இதைக் கட்டினது லேஸ் பின்னுற கை."

சத்தியநேசன் முதல் தடவையாகப் புன்னகை செய்தார். "பபூன் வேஷத்துக்கும் ஒரு பிரயோசனம் உண்டு பாரும்."

லேஸ் பின்னுகிற பெண்களைக் கண்டுபிடிப்பது அந்த ஊரில் கஷ்டமில்லை. மிஷன் பங்களாவுக்குப் பின்னால் ஒரு தெரு முழுக்க அவர்கள்தான். மூன்றாவது வீட்டுக்காரி விசாரித்த உடனேயே சொல்லிவிட்டாள்: "ராஜபாயி அக்காவத்தான் கேக்கியளா? காலையில விடிஞ்சும் விடியாம பூவை எடுத்துக்கிட்டுப் பிள்ளையப் பாக்கப் போவாவ. மழையானாலும் போவாவ."

ராஜபாய் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் உருண்டையான தலையணை, அதில் குத்திய ஊசிகளுக்கு நடுவே நூல் சுற்றிய மரக்கட்டைகள் மழைத்துளி விழுவது போல் டக்டக்கென்று ஒலித்துக்கொண்டிருந்தன. நடு வயது. மெலிந்த, கண்டிப்பான முகம். வந்தவர்கள் அடக்க நிலத்தைப் பற்றி வந்திருக்கிறார்கள் என்றதும் கட்டைகள் நின்றன.

"எடுக்கப் போறியளா? எம்பிள்ளையத் தொட்டா நான் குழிக்குள்ள எறங்கிப் படுத்திருவேன். ஆமா, சொல்லிட்டேன்."

"யாரும் தொடப் போறதில்ல அம்மா. பிள்ளை பேரு என்ன?"

"எலிசா. நாலு வயசு." அவள் குரல் இறங்கியது. "பேச்சு பெரிய மனுஷி பேச்சு. இந்தக் கட்டையை எல்லாம் வரிசையா வச்சு, இது அப்பா, இது அம்மான்னு பேரு சொல்லுவா."

"காலராவிலயா?"

"எனக்குத்தான் மொதல்ல வந்தது. என்னைக் காலரா ஷெட்டுல கொண்டு போட்டாவ. பிள்ளை போனதை என்கிட்டச் சொல்லப்பிடாதுன்னு எல்லாரையும் அவரே தடுத்திட்டாராம். எங்க வீட்டுக்காரரு. நகரசபையில வேலை. செத்தவங்கள எடுத்து அடக்குற டியூட்டி. பயந்து எல்லாவனும் ஓடினப்போ அவரு ஓடல. மறுநாளே அவருக்கும் வந்தது. அதுக்கு மறுநாள் போயிட்டாரு. நான் பொழச்சு எந்திரிச்சப்போ ரெண்டு பேரும் மண்ணுக்குள்ள."

கோலப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அந்தக் கட்டைகளில் எது அப்பா, எது அம்மா என்று கண் தேடுவதை அவனால் நிறுத்த முடியவில்லை.

"பிள்ளையோட கல்லறையை உங்களுக்குக் காட்டினது யாரு?" என்று சத்தியநேசன் கேட்டார்.

"யாரு காட்டணும்? கூட நின்னு வெட்டினவனும் அந்த வாரமே போயிட்டான். நானே போய்ப் பாத்தேன். அந்த வாரத்துப் புது மண்ணுல சின்னதா இருந்தது அது ஒண்ணுதான். பெத்தவளுக்குத் தெரியாதா?"

"கல் வடக்கே இருக்கே?"

"சாவு மேல சாவு விழுந்த நேரம். கல்லை ஒழுங்கா நட யாருக்கு நேரம் இருந்தது?"

"உங்க வீட்டுக்காரர் இஸ்ரவேல்தானே? அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கு. எருக்கு மண்டிக் கெடக்கு."

ராஜபாயின் முகம் இறுகியது. ஒரு கட்டையை எடுத்தாள். கீழே வைத்தாள்.

"கெடக்கட்டும். அந்த அடக்க நிலத்துலயே விழுந்து கெடந்தாராம், சாகும்போது குரலே போயிட்டாம். எங்க வைக்கணும்னு கேட்டதுக்கு அந்த நீளக் குழியைக் கையக் காட்டினாராம். அதுக்குப் பக்கத்துல வைங்கன்னு. யாரோ ஒரு பரதேசிக்கு வெட்டின குழி அது! பெத்த பிள்ளை அந்தக் கடைசியில தனியாக் கெடக்கு. அது பக்கத்துல வைங்கன்னு சொல்லத் தோணல மனுஷனுக்கு. நான் கல்லை மட்டும் நட்டேன், ஊருக்காக. பூ வைக்க மனசு வரல. இன்னிக்கும் வரல."

சத்தியநேசன் நெடுநேரம் குடைக் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "கடைசியா ஒண்ணு. இஸ்ரவேலுக்குச் சொந்த ஊர் எது?"

"கொட்டாரம் பக்கம். வீட்டுக்கு அடுத்தாப்புல அய்யாவழிக்காரங்க கூடிக் கும்பிடுற நிழல்தாங்கல். சின்னதுல அங்கதான் கஞ்சி குடிச்சு வளந்தேன்னு சொல்லுவாரு. அதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல அம்மா" என்று எழுந்தார் சத்தியநேசன்.

தெருமுனைப் பூவரச மரத்தடிக்கு வந்ததும் கோலப்பன் அவர் வழியை மறித்து நின்றான்.

"சாரே, இதோட விட்டிருவோம். அஞ்சுகிராமத்து அக்காகிட்ட மட்டும் காதுல சொல்லுவோம், உங்க ஆளு தவசுலதான் இருக்காரு, கவலைப்படாதீங்கன்னு. அந்தப் பொம்பளை வாயைத் திறக்காது. இந்தம்மா பாட்டுக்குப் பூ வச்சுக்கிட்டு இருக்கட்டும். நீ பத்து வருஷமா ஒரு கருப்பட்டி வண்டிக்காரருக்குத் தாலாட்டுப் பாடியிருக்கன்னு எவன் போய்ச் சொல்லுவான்? எனக்கு அந்த வேஷம் வேண்டாம்."

"எனக்கும்தான் வேண்டாம்" என்றார் சத்தியநேசன். அவர் முகம் அவ்வளவு களைத்துப் போய்க் கோலப்பன் பார்த்ததில்லை. "ஆனா ஓய், ஒண்ணு சொல்லும். சதுரக் குழியில வண்டிக்காரர் இருந்தா, பிள்ளை எங்கே?"

கோலப்பன் ராஜபாயின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னொண்ணு. பெத்த பிள்ளையை அந்த அளவு நேசிச்ச மனுஷன், சாகிற நேரம், குரல் போன பிறகு, யாரோ ஒரு பரதேசியோட குழியைக் கையைக் காட்டுவானா?"

மரத்திலிருந்து ஒரு பூவரசம்பூ விழுந்தது. கோலப்பனின் கண் முன்னால் ஒரு மைனா வந்து தண்ணீர் குடித்தது. நீள மேடு. அதில் ஒரு ஓரத்தில் மட்டும் தாழ்ந்துகொண்டே போகிற பள்ளம். எத்தனை தடவை தூர்த்தாலும்...

"ஐயோ சாரே" என்றான். "அந்த வரிசை! கஞ்சி குடிச்சிட்டு வந்ததும் கை வைப்பேன்னாரே!"

உச்சி வெயில் ஏறிவிட்டது. சத்தியநேசன் திரும்பி ராஜபாயின் வாசலுக்குப் போனார். "அம்மா, கூட வரணும். வீட்டுக்காரர் மேல உள்ள அந்தக் கோபத்தையும் கையோட எடுத்துக்கிட்டு வாங்க."

கோலப்பன் வண்டிக்குக் காத்திருக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். மேடையில் அவன் எத்தனையோ தடவை ஓடியிருக்கிறான். தடுக்கி விழுவதற்காகவே ஓடுவான், சபை சிரிக்கும். இன்று தடுக்காமல் ஓட வேண்டியிருந்தது. வாசலைத் தாண்டும்போது ஆட்கள் வரிசையில் கடைசிக்கு முந்தின மேட்டைச் சமன் செய்துவிட்டுக் கடைசி மேட்டில் மண்வெட்டியை வைத்திருந்தார்கள். ஒரு வெட்டு விழுந்திருந்தது, கிழக்கு ஓரத்தில்.

"நிறுத்துவே! மண்வெட்டியக் கீழ போடு!" என்று கத்திக்கொண்டே அவன் அந்தப் பள்ளத்தின் மேல் குறுக்கே விழுந்தான். மழைத்தண்ணீர் சட்டையெல்லாம் நனைத்தது.

"என்னவே, அந்தம்மாவோட ஆளு இதுலயா?" என்று ஜெபதாஸ் ஓடி வந்தார்.

"அவரு இல்ல" என்றான் கோலப்பன். அதற்கு மேல் அவனுக்கு மூச்சு இல்லை.

சத்தியநேசனையும் ராஜபாயையும் ஏற்றிக்கொண்டு வண்டி வந்து நின்றது. அழுத கண்ணோடு முத்துக்கனியும் தெற்கு மூலையிலிருந்து எழுந்து வந்தாள். சத்தியநேசன் யாரையும் பார்க்காமல், குடையை மண்ணில் ஊன்றி, மெதுவாகச் சொன்னார்.

"இந்த நீளக் குழி ஒரு வழிப்போக்கருக்கு வெட்டினது. எடுத்து வச்சபோது இஸ்ரவேல் அவர் நெற்றியைப் பாத்திருக்கார். நிழல்தாங்கல்ல கஞ்சி குடிச்சு வளந்தவருக்கு அந்த நாமத்தைத் தெரியாதா? இவரைப் படுக்க வைக்கக் கூடாதுன்னு அவருக்குத் தெரியும். இந்தப் பக்கம் தரையில பாறை. ஆழமா வெட்டணும்னா மணல்லதான் வெட்டணும். ஊரே ஓடிப்போன நேரத்துல, முகம் தெரியாத ஒருத்தருக்காகத் தெற்கு மூலையில இன்னொரு குழி வெட்டி, வடக்கு பார்த்து இருத்தி, முகத்துக்கு நேரா ஒரு கல்லையும் நட்டிருக்கார். இந்தக் குழி வெறுமனே கிடந்தது. பிறகு வீட்டுக்குப் போயிருக்கார். அங்கே பிள்ளை கண்ணை மூடியிருந்தது. இன்னொரு குழி வெட்ட ஆளும் இல்லை, அந்தக் கைகளுக்குப் பலமும் இல்லை. வெட்டின குழி இருந்தது. பெரிய குழி. அதோட தலைமாட்டுல சின்னப் பெட்டியை வச்சார். அந்தச் சின்னப் பெட்டி உளுத்துப் போன எடம் மட்டும்தான் தாழுது. ராஜபாய் அம்மா, அவர் கையைக் காட்டினது பரதேசிக்கு இல்ல."

 ராஜபாய் தெற்கு மூலையைப் பார்த்தாள். பிறகு காலடியில் கிடந்த மேட்டைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "என்ன பேச்சு பேசுறிய? நான் பெத்தவ. எனக்குத் தெரியாதா? தினம் பேசுவேன் அதுகிட்ட. பல்லு விழுந்த கதை, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்ட கதை எல்லாம் சொல்லுவேன். அது... அது எங்கிட்டப் பேசுமே..." சொல்லிக்கொண்டே வந்தவள் இஸ்ரவேலின் கல்லறையும் நீள மேடும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்த இடத்தைப் பார்த்தாள். நடுவே ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. பாயில் பக்கத்துப் பக்கத்தில் படுத்தவர்கள் போல.



முத்துக்கனி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள்.

"நீ சொன்ன கதையெல்லாம் எங்க ஆளுதான் கேட்டிருக்காரு தாயி" என்றாள் முத்துக்கனி. "அவருக்குக் கதைன்னா உசிரு. யாருமில்லாமக் கெடக்காரேன்னு நான் அங்க அழுதேன். அவரு இங்க தினம் ஒரு கதை கேட்டுக்கிட்டுல்லா இருந்திருக்காரு."

 ராஜபாயின் கை அந்தப் பள்ளத்துத் தண்ணீருக்குள் போனது. விரல்களால் அடியிலிருந்த மண்ணை மெல்லத் தடவினாள், காய்ச்சல் அடிக்கிற பிள்ளையின் நெற்றியைத் தடவுவது போல.  பிறகு முழங்காலாலேயே நகர்ந்து, எருக்குச் செடிகளை வேரோடு பிடுங்க ஆரம்பித்தாள். பால் வடிந்து கையெல்லாம் பிசுபிசுத்தது. கடைசிச் செடி வந்ததும் கல்லின் மேல் நெற்றியை வைத்தாள்.

"யாரிட்டயாவது சொல்லி வச்சிருக்கக் கூடாதா மனுஷா" என்றாள். "பத்து வருஷம். ஒரு பூ வைக்க விடாமப் பண்ணிட்டியே."

முத்துக்கனி எழுந்து தெற்கு மூலைக்குப் போனாள். காலையில் ராஜபாய் வைத்த பிச்சிப்பூச் சரத்தை எடுத்து வந்தாள். ராஜபாய் அதை வாங்கி, கண்ணி கண்ணியாய்ப் பின்னிய அந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஒரு துண்டை இஸ்ரவேலின் கல்லில் வைத்தாள். ஒரு துண்டைத் தண்ணீரில் மிதக்க விட்டாள். மிச்சத்தை முத்துக்கனியின் கையில் கொடுத்தாள்.

"உங்க ஆளுக்குக் கொண்டு வையுங்க அக்கா. தினம் வைக்கிற பூ. இன்னிக்கு இல்லன்னா தேடுவாரு."

ஜெபதாஸ் தலையைக் குனிந்துகொண்டு முளையருகே போனார். அம்பு போல நேராய் நின்ற நூலை அவிழ்த்தார். கடைசி மேட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டு கல்லறைகளையும் சுற்றி வளைத்து, முளையை வேறிடத்தில் அறைந்தார். நூலின் நுனியைப் பிடிக்க ஆள் தேடினார். கோலப்பன் போய்ப் பிடித்தான்.

மண்வெட்டிக்காரன் ஒருவன் அவன் காதருகே குனிந்தான். "என்ன அண்ணாச்சி, இவ்வளவு நேராப் போற பாதை இந்த எடத்துல மட்டும் கோணலாப் போவுது?"

கோலப்பனுக்குச் சட்டென்று ஒரு பதில் வந்தது. நல்ல பதில், மேடையில் சொன்னால் சபை குலுங்கியிருக்கும். அவன் அதைச் சொல்லவில்லை. நனைந்த சட்டையோடு, நூல் தொய்யாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.